செவ்வாய் எரிமலை அப்பளம் மாதிரி, வெள்ளி எரிமலை கோபுரம் மாதிரி, எது நிஜம்? (ஃப்ளெக்ஸ் அவசரம்)

சிஎம்ஒய்கே பாண்டி

வணக்கம் மக்களே. முதல்லயே சொல்லிடறேன், நான் சயின்ஸ் ஆளு கிடையாது, ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன், காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி இதான் நம்ம லைன். போன வாரம் ஒரு ஸ்கூல் வாத்தியார் வந்து சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ஆறடி அகலம் நாலடி உசரத்துல ஒரு ஃப்ளெக்ஸ் வேணும்னாரு, தலைப்பு "பிற கோள்களில் எரிமலைகள்". மேட்டர ஒரு நோட்டு பேப்பர்ல எழுதி கையில குடுத்துட்டு படமெல்லாம் நீயே நெட்ல எடுத்து போட்டுக்க தம்பின்னு சொல்லிட்டு போயிட்டாரு.

நானும் தேடி ரெண்டு படம் எடுத்தேன். ஒண்ணு வெள்ளி கிரகத்துல இருக்கற மாட் மான்ஸ்னு ஒரு எரிமலை, ஆரஞ்சு கலரு, பின்னாடி கருப்பு வானம், கோயில் கோபுரம் கணக்கா நிமிந்து நிக்குது, பாத்தாலே பயமா இருக்கு. இன்னொண்ணு செவ்வாய்ல இருக்கற ஒலிம்பஸ் மான்ஸ், இது மேல இருந்து எடுத்த படம் போல, நடுவுல ஓட்ட விழுந்த அப்பளம் மாதிரி தட்டையா கெடக்கு. ஆனா வாத்தியார் பேப்பர்ல என்ன இருக்குன்னா ஒலிம்பஸ்தான் சூரியக் குடும்பத்துலயே பெரிய எரிமலை, 22 கிலோமீட்டர் உசரம், எவரெஸ்ட் மாதிரி ரெண்டரை மடங்குன்னு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா 8 கிலோமீட்டர் மலை ஹீரோ மாதிரி நிக்குது, 22 கிலோமீட்டர் மலை அடிபட்டு படுத்த மாதிரி இருக்கு. போன் போட்டு கேட்டா "அதையும் கொஞ்சம் மேல இழுத்து விடுப்பா"ங்கறாரு. இழுக்கறது நமக்கு ஒரு விஷயமே இல்ல, எத்தன கட்ட மாப்பிள்ளைய இழுத்து பொண்ண விட உசரமாக்கி இருக்கேன். ஆனா புள்ளைங்க படிக்கற போர்டுல அப்படி பண்ண மனசு வரல.

சோ என் டவுட்டு: எது நிஜ ஷேப்பு? நம்ம பூமியில ஏன் அவ்ளோ பெருசு இல்ல? அப்புறம் இது கொஞ்சம் முட்டாள்தனமா கூட இருக்கலாம், அங்க யாரும் போனதே இல்ல, செத்துப்போன மலைய தூரத்துல இருந்து பாத்து அப்படி என்னதான் தெரிஞ்சுக்கறாங்க? வியாழக்கெழம காலையில டெலிவரி.

சுக்கிரதிசை

பாஸ் வெள்ளி மலைய நீங்க இழுக்கவே வேணாம், ஏற்கனவே உங்க தொழில்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல இழுத்து வச்சிட்டாரு.

அந்த மாட் மான்ஸ் படம் போட்டோவே கிடையாது. வெள்ளியச் சுத்தி எப்பவும் கெட்டியா மேகம், மேல இருந்து சாதா கேமரால எடுத்தா மோர் டம்ளர எட்டிப்பாத்த மாதிரிதான் இருக்கும். மெகல்லன்னு ஒரு விண்கலம் 1990ல இருந்து 1994 வரைக்கும் சுத்தி வந்து ரேடார் அடிச்சு 98 சதவீத தரைய மேப் போட்டுச்சு, அந்த டேட்டாவ வச்சு கம்ப்யூட்டர்ல நிமுத்தி வச்ச படம்தான் நீங்க பாத்தது. ரொம்ப பிரபலமான வெர்ஷன்ல உசரத்த மட்டும் 22.5 மடங்கு இழுத்திருக்காங்க. ஒளிக்கல, படத்துக்கு கீழ எழுதியேதான் இருக்கு, ஆனா ஃபார்வர்ட் பண்றவன் எவன் கேப்ஷன சேத்து அனுப்பறான்? அந்த ஆரஞ்சு கலரு கூட 1982ல வெனேரா 13, 14னு ரெண்டு சோவியத் லேண்டர் தரையில இறங்கி எடுத்த படத்துல இருந்து கடன் வாங்குனது. கருப்பு வானம் சுத்த டூப்பு, அங்க நின்னா மேல பூரா ஆரஞ்சா புழுதி படிஞ்ச மாதிரிதான் தெரியும். அதுவும் நிக்க முடிஞ்சா, 465 டிகிரி சூடு, நம்மள மாதிரி 92 மடங்கு காத்தழுத்தம். வெனேரா 13 ரெண்டு மணி நேரம் சொச்சம் தாக்குப் பிடிச்சதே பெரிய விஷயம். இந்த இழுப்ப பாத்து கடுப்பாகி அப்பவே ஒரு விஞ்ஞானி "தட்டை வெள்ளி சங்கம்" ஆரம்பிக்கலாம்னு கிண்டலா எழுதினாரு.

உங்களுக்கு போட்டோஷாப் தெரியும்ல, அந்த மலைய மட்டும் வெட்டி எடுத்து ஹைட்ட 4.4 பர்சென்ட் ஆக்கிப் பாருங்க. பர்ஸ்பெக்டிவ் இருக்கறதால கணக்கு கறாரா வராது, ஆனா விஷயம் புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, ரேடார் படத்துல பளிச்னு இருக்கற இடமெல்லாம் வெளிச்சம் இல்ல, கரடுமுரடு. வழவழன்னு இருந்தா ரேடார் அலை வேற பக்கம் தெறிச்சிடும், கருப்பா தெரியும். அதனால கருப்பா இருக்கற ஏரியாவ பள்ளம்னு எழுதிடாதீங்க, நெறைய பேர் அப்படி எழுதறாங்க.

சிஎம்ஒய்கே பாண்டி

சுக்கிரதிசை அண்ணே, பண்ணிப் பாத்தேன். மலைய காணோம். நெசமா சொல்றேன், லேயர் ஆஃப் ஆயிடுச்சோன்னு ரெண்டு தடவ செக் பண்ணேன். லேசா ஒரு மேடு, ஸ்பீட் பிரேக்கர் மாதிரி.

கல்லுளிமங்கன்

ஜியாலஜி படிச்சிட்டு கிரானைட் குவாரியில வேல பாக்கறவன், கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கங்க தம்பி.

ரெண்டு மலையுமே தட்டைதான். ஒலிம்பஸ் மான்ஸ் 22 கிமீ உசரம்ங்கறத மட்டும் எல்லாரும் சொல்லுவாங்க, அதோட அகலம் 600 கிமீங்கறத யாரும் சொல்றதில்ல. சரிவு சராசரியா 5 டிகிரிதான், டவுன்பஸ் செகண்ட் கியர்ல ஏறிடும், கொண்டை ஊசி வளைவு கூட தேவைப்படாது. கீழ நின்னு உச்சிய அண்ணாந்து பாக்கறதெல்லாம் நடக்காது, ஏன்னா செவ்வாய் சின்ன கிரகம், சமதரையில நின்னா மூணரை கிமீ தாண்டி தரை கீழ வளைஞ்சு மறைஞ்சிடும். மலையோட அடிவாரத்துல மட்டும் சில இடத்துல 8 கிமீ வரைக்கும் செங்குத்தா ஒரு விளிம்பு இருக்கு, அது தெரியும், அத பாத்து இதான் மலை போலன்னு நெனச்சுக்குவோம். அந்த விளிம்பு எப்படி வந்துச்சுங்கறதுல இன்னும் சண்ட ஓயல, பெரிய நிலச்சரிவுன்னு ஒரு கட்சி. உச்சியில நீங்க ஓட்டன்னு சொன்னது 80 கிமீக்கு 60 கிமீ பள்ளம், ஒரே பள்ளம் இல்ல, ஆறு பள்ளம் ஒண்ணு மேல ஒண்ணு. உள்ள இருந்த லாவா வடிஞ்சதும் மேல்கூரை உள்வாங்கிடும், திரும்ப ரொம்பும், திரும்ப உள்வாங்கும், அந்த மாதிரி ஆறு வாட்டி நடந்திருக்கு. பாத்தீங்களா, ஒரு மலையோட வாழ்க்க வரலாறு அந்த ஓட்டையிலயே எழுதியிருக்கு.

இப்ப பூமியில ஏன் இல்லன்னு கேட்டீங்க. உங்க மெஷினையே எடுத்துக்கங்க. ஹெட் இங்க் அடிச்சுக்கிட்டே இருக்கும், ரோல் நகந்துக்கிட்டே இருக்கும், அதனாலதான் படம் வரிசையா வருது. ஃபீட் மாட்டிக்கிட்டு ரோல் நகராம நின்னா என்ன ஆகும், ஒரே கோட்டுல இங்க் கொட்டி கொட்டி தடிச்சுப் போயிடும்ல. ஹவாய்ல நடக்கறது மொதல் கேஸ். அடியில சூடான பாறைக்குழம்பு ஏறி வர்ற இடம் ஏறக்குறைய அங்கயேதான் இருக்கு, ஆனா மேல இருக்கற பசிபிக் தட்டு, அதாவது கடலடித் தரையா இருக்கற பெரிய பாறைப் பலகை, வருஷத்துக்கு 7ல இருந்து 10 சென்டிமீட்டர் வடமேக்கால நகருது. ஒரு தீவு உருவாகும், கொஞ்ச லட்சம் வருஷத்துல அது தள்ளிப்போயிடும், அடுத்த தீவு ஆரம்பிக்கும். அப்படி வரிசையா தீவும் கடலுக்குள்ள முழுகுன மலையுமா சுமார் 6000 கிமீ நீளத்துக்கு கெடக்கு, கடைசியில இருக்கறது 8 கோடி வருஷப் பழசு. செவ்வாய்ல தட்டு நகராது. அடியில அடுப்பு எரியுது, மேல அதே கல்லு, கோடிக்கணக்கான வருஷம் ஒரே இடத்துல கொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஈர்ப்பும் நம்மள்ல 38 சதவீதம்தான், மேலோடும் கெட்டி, அதனால அவ்ளோ கனம் ஏறியும் உள்ள அமுங்காம தாங்குது. ஹவாயோட மௌனா லோவா பூமியிலயே பெரிய எரிமலைகள்ல ஒண்ணு, அது மாதிரி 100 மலைய கொட்டி வச்சா ஒரு ஒலிம்பஸ் வரும்.

அதாவது மலையோட சைஸ பாத்தே அந்த கிரகத்தோட தரை நகருதா நிக்குதான்னு சொல்லிடலாம். தூரத்துல இருந்து பாத்து என்ன தெரியும்னு கேட்டீங்கல்ல, மொத பதில் இது.

இத முதமுதல்ல பாத்த கதையும் நல்லாருக்கும். 1971 நவம்பர்ல மாரினர் 9 செவ்வாய போய் சேந்தப்ப கிரகம் பூரா புழுதிப்புயல், ஒண்ணுமே தெரியல. நாலு கருப்பு புள்ளி மட்டும் புழுதிக்கு மேல தெரிஞ்சுது. புயல் அடங்க அடங்க பாத்தா நாலும் எரிமலையோட உச்சி. அதுல ஒண்ணுதான் இது. அதுக்கு முன்னாடி நூறு வருஷமா டெலஸ்கோப்ல ஒரு வெள்ளப் புள்ளியா பாத்துட்டு "ஒலிம்பஸ் பனி"ன்னு பேரு வச்சிருந்தாங்க.

ரவாதோசை

கல்லுளிமங்கன் அண்ணா சைஸ பத்தி சொல்லிட்டாரு, நான் ஷேப்ப பத்தி ஒண்ணு சேத்துக்கறேன். சமைக்கறவங்களுக்கு இது டக்னு புரியும். ரவா தோச மாவு தண்ணியா இருக்கும், கல்லுல ஊத்தினதும் அது பாட்டுக்கு ஓடி மெல்லிசா பரவிடும், ஒலிம்பஸ் மான்ஸ், மாட் மான்ஸ் எல்லாம் அந்த ஜாதி, தண்ணி லாவா. ஊத்தப்ப மாவு கெட்டி, ஊத்தின இடத்துலயே தடிமனா நிக்கும், ஓரம் நல்லா செங்குத்தா இருக்கும். வெள்ளியில ஆல்ஃபா ரீஜியோன்னு ஒரு மேட்டுநிலம் இருக்கு, அதோட கிழக்கு ஓரத்துல ஏழு ஊத்தப்பம் வரிசையா ஊத்தி வச்சிருக்கும், ஒண்ணொண்ணும் சராசரி 25 கிமீ அகலம், உசரம் முக்கால் கிமீ கூட தாண்டாது, மேல வெடிப்பு வேற விட்டிருக்கும், அப்படியே ஊத்தப்பம்தான். வெள்ளக்காரங்களும் அதுக்கு அவங்க ஊரு தோச பேரத்தான் வச்சிருக்காங்க. அங்க குழம்பு கெட்டியா வந்திருக்குன்னா அதோட கலவை வேற, இல்ல சூடு கம்மி, ஏதோ ஒண்ணு அடியில மாறியிருக்கு.

அதே வெள்ளியில பால்டிஸ் வாலிஸ்னு லாவா ஓடின ஒரு கால்வாய் இருக்கு, 6800 கிமீ நீளம், நைல் நதிய விட நீளம்!! அவ்ளோ தூரம் உறையாம ஓடணும்னா அது ரசம் மாதிரி தண்ணியா இருந்திருக்கணும். ஒரே சமையக்கட்டுல ஊத்தப்பமும் ரசமும். படத்துல ஓரத்த மட்டும் பாத்தா போதும், மாவு எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடலாம், எங்க மாமியார் தோசையோட ஓரத்த பாத்து உளுந்து கம்மின்னு சொல்ற மாதிரி.

சிஎம்ஒய்கே பாண்டி

அக்கா செம. ஏழு ஊத்தப்பம் படத்தையும் ஃப்ளெக்ஸ்ல ஏத்திட்டேன். அண்ணே அந்த ரோல் உதாரணம் நெத்தியடி, எங்க பையன் போன மாசம்தான் அப்படி மாட்டவிட்டு ரெண்டு மீட்டர் மெட்டீரியல வேஸ்ட் பண்ணான்.

இன்னொரு டவுட்டு வந்துடுச்சு. வாத்தியார் பேப்பர்ல "இவை பல கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்துவிட்டன"ன்னு எழுதியிருக்காரு. வயசு எப்படி தெரியும், யாரும் போய் கல்ல எடுக்கலல்ல?

கல்லுளிமங்கன்

எடுத்திருக்காங்க, ஆனா நிலாவுல. அதுதான் எல்லாத்துக்கும் அளவுகோல்.

மழை பெஞ்சு நின்னப்புறம் தெருவுல புதுசா சிமெண்ட் போட்டிருந்தா அதுல கால்தடம் கம்மியா இருக்கும், பழைய சிமெண்ட் தரையில நாய் பூனை சைக்கிள்னு எல்லா தடமும் இருக்கும்ல, அதே கணக்கு. வானத்துல இருந்து கல்லு விழுந்துக்கிட்டே இருக்கு, பள்ளம் நெறைய இருந்தா பழைய தரை, கம்மியா இருந்தா புது லாவா. ஆனா எத்தன பள்ளத்துக்கு எத்தன வருஷம்னு தெரியணும்ல, அதுக்குத்தான் அப்பல்லோகாரங்க 1969ல இருந்து 1972 வரைக்கும் கொண்டாந்த 382 கிலோ கல்லு. ஒரு இடத்து கல்லோட வயச லேப்ல கண்டுபிடி, அதே இடத்துல பள்ளத்த எண்ணு, கிராப்ல ஒரு புள்ளி. அந்த கல்லுங்க பெரும்பாலும் 300 கோடி வருஷத்துக்கு மேல பழசு, அதுக்கு இந்தப் பக்கம் கிராப்ல பெருசா ஒரு ஓட்ட இருந்துச்சு. 2020ல சீனாவோட சாங்கே 5 கொண்டு வந்த எரிமலைக் கல்லு 200 கோடி வருஷம்னு வந்து அத கொஞ்சம் அடைச்சுது, நிலா மாதிரி சின்ன உருண்டை அவ்ளோ லேட்டா எப்படி லாவா கக்குச்சுன்னு அப்ப எல்லாரும் தலைய சொறிஞ்சாங்க.

அந்த கிராப்ப செவ்வாய்க்கு ஏத்த மாதிரி திருத்தி எண்ணுனா ஒலிம்பஸ் உச்சிப் பள்ளத்தோட தரை 10 கோடில இருந்து 20 கோடி வருஷம், சரிவுல சில லாவா ஓட்டம் வெறும் 20 லட்சம் வருஷம்தான். கிரகத்தோட வயசு 450 கோடிங்கறப்ப இது நேத்து ராத்திரி மாதிரி. இதுக்கும் மேல, செவ்வாய்ல செர்பெரஸ் ஃபோசேன்னு தரை பிளந்த ஏரியா ஒண்ணு, அங்க ஒரு வெடிப்போட சாம்பல் படிவு 53,000 வருஷத்துக்கு முந்தினதா இருக்கலாம்னு 2021ல கணக்கு போட்டாங்க. 2018 நவம்பர்ல இறங்குன இன்சைட் லேண்டர் பதிவு பண்ண நிலநடுக்கம் நெறைய அதே பக்கத்துல இருந்துதான் வந்துச்சு. அதனால "அணைந்துவிட்டன"ங்கறத நான் வாத்தியாரா இருந்தா எழுத மாட்டேன், "தூங்குகின்றன"ன்னு எழுதினாலும் அடிப்பாங்க, பேசாம அந்த வரிய தூக்கிடுங்க.

கல்லு எடுக்கலன்னு சொன்னீங்கல்ல, நாம போய் எடுக்கல, அது தானா வந்துச்சு. 1865 ஆகஸ்ட் 25 காலையில பீகார்ல கயா பக்கம் ஷெர்காட்டிங்கற ஊர்ல ஒரு கல்லு வானத்துல இருந்து விழுந்துச்சு, அஞ்சு கிலோ சுமார். நூறு வருஷத்துக்கு மேல அது என்னன்னு சரியா புரியல, ஏன்னா மத்த விண்கல்லு மாதிரி இல்ல, பாத்தா நம்ம எரிமலைப் பாறை ஜாதி, வயசும் ரொம்ப கம்மி, 17-18 கோடி வருஷம்தான். அவ்ளோ சமீபத்துல லாவா ஓடியிருக்குன்னா அது சின்ன சிறுகோளா இருக்க முடியாது, எப்பவோ ஆறிப்போயிருக்கும், பெருசா ஒரு கிரகம் வேணும். அப்புறம் அதே ஜாதிக் கல்லு ஒண்ணு அண்டார்டிகா பனியில கெடச்சுது, உள்ள கண்ணாடி மாதிரி உருகி உறைஞ்ச துளியில காத்து மாட்டியிருந்துச்சு, அந்த காத்த 1983ல அளந்து பாத்தா 1976ல வைக்கிங் லேண்டர் செவ்வாய்ல அளந்த காத்தோட அப்படியே ஒத்துப்போச்சு. ஒரு பெரிய அடி விழுந்து செவ்வாய்ல இருந்து தெறிச்சு வந்த எரிமலைக் கல்லு நம்ம பீகார்ல விழுந்து கெடந்திருக்கு. இப்பவும் உலகம் பூரா இந்த ஜாதிக்கு ஷெர்கோட்டைட்னுதான் பேரு. என் தொழில்ல எனக்கு புடிச்ச கத இது, குவாரியில டீ குடிக்கறப்ப யார் கெடச்சாலும் சொல்லிடுவேன்.

சுக்கிரதிசை

அண்ணா பள்ளம் எண்றதுன்னு ஆரம்பிச்சீங்க, வெள்ளிய பத்தி சொல்லாம விட்டுட்டீங்களே. கிரகம் பூராவும் சேத்து சுமார் 1000 பள்ளம்தான், அதுவும் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மின்னு இல்லாம தூவி விட்ட மாதிரி. அப்ப மொத்த தரையும் சுமார் 50 கோடி வருஷத்துக்கு முன்ன ஒரே மூச்சுல லாவாவுல முழுகி புதுசாயிடுச்சுன்னுதான அர்த்தம்? மூடி போட்ட குக்கர் மாதிரி, தட்டு நகராததால சூடு வெளிய போக வழியில்ல, உள்ளயே சேந்து சேந்து ஒரு நாள் விசில் அடிச்சிடுச்சு.

கல்லுளிமங்கன்

அது ஒரு கட்சி. இன்னொரு கட்சி என்ன சொல்லுதுன்னா, இங்க ஒரு திட்டு அங்க ஒரு திட்டுன்னு எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா லாவா மூடிக்கிட்டே இருந்தாலும் கடைசியில பள்ளம் தூவி விட்ட மாதிரிதான் தெரியும். குக்கர் விசில் கேக்க நல்லாருக்கு, அதனாலேயே எனக்கு அது மேல சந்தேகம். 1000 பள்ளத்த வச்சு சரித்திரம் எழுதறது, கல்யாண ஆல்பத்துல பத்து போட்டோவ பாத்துட்டு குடும்பச் சண்டைய கண்டுபிடிக்கற மாதிரி.

சுக்கிரதிசை

ஓகே நியாயம்தான். உங்க கட்சிக்கு நானே ஒரு ஆதாரம் தர்றேன். மாட் மான்ஸ் ஏரியாவ மெகல்லன் 1991 பிப்ரவரியில ஒரு தடவ, அக்டோபர்ல ஒரு தடவ ரேடார் அடிச்சுது. முதல் படத்துல ஒரு எரிமலை வாய் ஏறக்குறைய வட்டமா 2.2 சதுர கிமீ, எட்டு மாசம் கழிச்சு பாத்தா கோணல்மாணலா 4 சதுர கிமீ, உள்ள விளிம்பு வரைக்கும் ஏதோ ரொம்பியிருக்கு, லாவாக் குளம் மாதிரி. இத கண்டுபிடிச்சது எப்போ தெரியுமா, 2023ல! முப்பது வருஷமா டேட்டா சும்மா கெடந்திருக்கு. ரெண்டு படமும் வேற வேற கோணத்துல இருந்து எடுத்ததால சாஃப்ட்வேர வச்சு ஒப்பிட முடியாம ரெண்டு விஞ்ஞானிங்க கண்ணால ஒண்ணொண்ணா பாத்திருக்காங்க. 2024ல இத்தாலிக்காரங்க சிஃப் மான்ஸ்ங்கற எரிமலையிலயும் நியோபி பிளானிஷியாங்கற சமவெளியிலயும் புது லாவா ஓடியிருக்குன்னு அதே பழைய டேட்டாவுல இருந்தே எடுத்தாங்க. பாண்டி பாஸ், உங்க ஸ்பீட் பிரேக்கர் உசுரோடதான் இருக்கு.

தூக்கம்வராதவன்

என்னங்க எல்லாரும் ஐயோவ விட்டுட்டீங்க. வியாழனோட நிலா, பேரே ஐயோ. சூரியக் குடும்பத்துலயே அதிகமா எரிமலை கக்கற இடம் அதுதான், 400க்கு மேல இருக்கு. நம்ம நிலாவ விட இத்துனூண்டுதான் பெருசு, ஆனா அதுல இருந்து வெளிய வர்ற சூடு பூமியோட உள்சூடு மொத்தமா வெளிய வர்றதுல ரெண்டு மடங்கு.

சின்னது சீக்கிரம் ஆறிடணும்ல? டம்ளர் காபி அண்டா காபிய விட சீக்கிரம் ஆறிடும். நிலா ஆறிடுச்சு, செவ்வாய் முக்கால்வாசி ஆறிடுச்சு, அந்த கணக்குல ஐயோ எப்பவோ ஐஸ் ஆகியிருக்கணும். ஒரு கட்டுக்கம்பிய எடுத்து ஒரே இடத்துல முன்னும் பின்னும் இருவது தடவ வளைச்சு உடனே தொட்டுப் பாருங்க, சுடும். ஐயோவுக்கு நடக்கறது அதான். அது 42 மணி நேரத்துக்கு ஒருக்கா வியாழன சுத்துது, அது நாலு சுத்து சுத்தறதுக்குள்ள வியாழனோட மத்த நிலாங்க யூரோப்பா ரெண்டு, கானிமீட் ஒண்ணு, இந்த தாளம் தப்பவே தப்பாது. ஒவ்வொரு தடவையும் அதுங்க இழுக்கறதால ஐயோவோட பாத முழு வட்டம் ஆகவே முடியாது, வியாழனுக்கு கிட்ட போயிட்டு எட்ட வந்துட்டு இருக்கும், அதோட தரையே 100 மீட்டர் கிட்ட ஏறி இறங்கும். கடல் அலை இல்லங்க, பாறை!

கத இப்பதான். 1979 மார்ச் 2ஆம் தேதி மூணு விஞ்ஞானிங்க எழுதின கட்டுரை ஒண்ணு வந்துச்சு, கணக்கு போட்டு பாத்தோம் ஐயோவோட உள்பக்கம் உருகியிருக்கணும்னு. மார்ச் 5 வாயேஜர் 1 ஐயோ பக்கத்துல போச்சு. தரையில ஒரு விண்கல் பள்ளம் கூட இல்ல, அப்பவே டவுட்டு. நாலு நாள் கழிச்சு மார்ச் 9, லிண்டா மொராபிட்டோன்னு ஒரு பொண்ணு, நேவிகேஷன் இன்ஜினியர், எரிமலைக்கும் அவங்க வேலைக்கும் சம்பந்தமே இல்ல, விண்கலம் எங்க இருக்குன்னு கணக்கு பண்ண பின்னாடி இருக்கற மங்கலான ஒரு நட்சத்திரத்த தேடறாங்க. அது தெரியணும்னு படத்தோட பிரைட்னஸ ஏத்தறாங்க. ஏத்தினா ஐயோவோட ஓரத்துல குடை மாதிரி ஒண்ணு முளைக்குது. பின்னாடி இன்னொரு நிலா மறைஞ்சிருக்கான்னு பாத்தாங்க, இல்ல. கேமரா கோளாறா, இல்ல. 270 கிமீக்கு மேல எழும்புற எரிமலைப் புகை, பூமிக்கு வெளிய கக்கிக்கிட்டே இருக்கற எரிமலைய மனுஷன் பாத்த மொத தடவ. பாண்டி அண்ணே நீங்களும் தெனம் பிரைட்னஸ் ஏத்தறீங்க, உங்களுக்கு மாப்பிள்ளையோட மீசைதான் தெரியும், அவங்களுக்கு பாருங்க.

ஜூனோ விண்கலம் 2023 டிசம்பர் 30லயும் 2024 பிப்ரவரி 3லயும் 1500 கிமீ பக்கத்துல போய் பாத்துச்சு. தரைக்கு கொஞ்சம் கீழ ஐயோ பூரா லாவாக் கடல் இருக்கும்னு பல பேர் நம்பிட்டு இருந்தாங்க, ஈர்ப்ப அளந்து பாத்ததுல அப்படி இல்லன்னு வந்துடுச்சு, உள்ள பெரும்பாலும் கெட்டிதான், ஒவ்வொரு எரிமலைக்கும் தனித்தனி கிட்டங்கி போல.

நாமக்கல்_லாரி

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும், எங்க ஊரையும் ஒரு ஓரத்துல போடுங்க. நிலா மொத்தமும் ஆரம்பத்துல உருகின பாறைக் கடலா இருந்துச்சு, அது ஆற ஆற லேசான தாது மேல மிதந்து வந்து வெள்ளையா ஓடு கட்டுச்சு, பால் ஆறினா ஏடு கட்டற மாதிரி, அந்த ஏடுதான் அனார்த்தோசைட்ங்கற பாறை. அதே வகைப் பாறை எங்க நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கெடக்கு, அத அரைச்சுத்தான் இஸ்ரோ சந்திரயானுக்கு நிலா மண்ணு மாதிரி பரப்பி டெஸ்ட் பண்ணாங்க. அப்புறம் 2023ல சந்திரயான் 3 ரோவர் நெசமாவே அங்க ஓடி 23 இடத்துல மண்ண அளந்துச்சு, ஏடு கதைக்கு அது ஒத்துவருதுன்னு அடுத்த வருஷம் கட்டுரை வந்துச்சு.

கல்லுளிமங்கன்

சரிதான், ஆனா அது எரிமலை இல்லயே நாமக்கல், நிலாவுல எரிமலைன்னா அந்த கருப்பு திட்டு, பாட்டி வடை சுடறாங்கன்னு காட்டுவோமே அது. அதெல்லாம் பின்னாடி வழிஞ்ச லாவா. வெள்ள ஏடு, கருப்பு லாவா. ஆனா சித்தம்பூண்டிய போடுங்க, புள்ளைங்களுக்கு புடிக்கும்.

சிஎம்ஒய்கே பாண்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஃப்ளெக்ஸ் முடிஞ்சு குடுத்தாச்சு. என்ன பண்ணேன்னு சொல்லிடறேன்.

ஒலிம்பஸ் மான்ஸ இழுக்கவே இல்ல. ஆறடி அகலம் மொத்தத்தையும் 600 கிமீன்னு வச்சு, ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் சைடு வியூவா ஒரே மலையா வரைஞ்சேன். கணக்கு போட்டா 22 கிமீ உசரம் ரெண்டரை இன்ச் சொச்சம்தான் வருது. மலையே ஃப்ளெக்ஸோட கீழ் பார்டர் மாதிரி ஆயிடுச்சு, மேல இருந்த இடத்துல ஏழு ஊத்தப்பம், ஐயோ குடை, ஷெர்காட்டி கல்லு, சித்தம்பூண்டி எல்லாம் தாராளமா ஒக்காந்துச்சு. எவரெஸ்ட்டும் அதே ஸ்கேல்ல ஓரத்துல வச்சேன், கிட்டத்தட்ட ஒரு இன்ச். மாட் மான்ஸ் படத்த ரெண்டா போட்டு, ஒண்ணுக்கு கீழ "உயரம் மட்டும் 22.5 மடங்கு இழுக்கப்பட்டது"ன்னும் இன்னொண்ணுக்கு கீழ "இழுக்காதது"ன்னும் எழுதிட்டேன். அணைந்துவிட்டன வரிய தூக்கிட்டேன்.

வாத்தியார் வந்து பிரிச்சுப் பாத்தாரு. ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் "எல்லாம் சரி தம்பி, மெயின் மலை எங்க?"ன்னாரு. குனிஞ்சு கீழ காட்டுனேன். அவரும் குனிஞ்சு பாத்தாரு, விரல வச்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிட்டே போனாரு, "இவ்வளவும் ஒரே மலையா?"ன்னாரு. ஆமா சார்னேன். காசு குடுக்கறப்ப டிசைனிங் சார்ஜுல அம்பது ரூவா கொறைக்க சொன்னாரு, மலை சின்னதா இருக்காம்.